தந்தை விட்டுச்சென்ற கைத்துப்பாக்கி



தந்தையார் மறைந்தபின் மக்கள் பங்கிட்டுக்கொள்ளும் பொருள்களில் நிலம் உண்டு, நகை உண்டு, வங்கியில் வைப்புத்தொகையும் இருக்கக்கூடும். இவற்றை எவ்வாறு பெயர் மாற்றுவது என்பது வீட்டில் யாருக்கேனும் தெரிந்திருக்கும். தெரியாவிடில் வழக்கறிஞர் ஒருவர் சொல்லிவிடுவார். ஆனால் பெரியவர் உரிமம் பெற்று வைத்திருந்த கைத்துப்பாக்கி ஒன்று பீரோவின் உள்ளறையில் துணி சுற்றிக் கிடக்குமாயின், அதனை என்செய்வது என்று அறிந்தவர் மிகச் சிலரே. பிள்ளைகள் வடக்கே இருப்பர். தாயார் ஊரில் தனியே இருப்பார். துப்பாக்கியோ பட்டுப்புடவைகளுக்கு நடுவே பேசாது படுத்திருக்கும். அத்தகைய துப்பாக்கியையும் அதன் தோட்டாவையும் பற்றியே இன்று பேசப்போகிறோம்.

சித்தூரையும் திருப்பதியையும் எடுத்துக்காட்டாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. நாம் அவ்வூர்ப் பக்கத்தவர் என்பது ஒன்று. மற்றொன்று, அப்பகுதித் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வாழ்க்கை முறை. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் தனியே பிரிந்தபோது சித்தூர் அங்கே சென்றது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆயினும் சித்தூர்க் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் கைகோத்து நடப்பது இன்றும் நிற்கவில்லை. அவ்வூர் வெல்ல மண்டி பெயர்பெற்றது. மண்டித் தரகர்களும் நகைக்கடைக்காரர்களும் கையில் ரொக்கத்தோடு இரவில் வீடு திரும்பவேண்டியிருந்த நாள்களில், அவர்களுள் சிலர் கலெக்டரிடம் விண்ணப்பித்துக் கைத்துப்பாக்கி உரிமம் பெற்றனர். அவர்களுடைய பிள்ளைகள் படித்து நாகபுரிக்கும் புனேக்கும் தில்லிக்கும் போய்விட்டனர். இன்று நம் பேச்சைக் கேட்போரில் அத்தகையோர் சிலரேனும் இருத்தல் கூடும்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு ஒரு பொருளைத் தொடுமுன் அதன் பெயரைத் தடவிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. துப்பாக்கி என்னும் சொல் நமக்குத் துருக்கி, பாரசீக மொழிகளின் வழியே வந்தது. தெலுங்கிலும் அஃது ஏறத்தாழ அதே ஒலியோடு வழங்குகிறது. தோட்டா என்பதும் வடக்கிலிருந்து வந்த சொல்லே. ஈழத்துத் தமிழர் அதனை ரவை என்பர். நமக்கோ ரவை என்றால் உப்புமா நினைவிற்கு வரும். இந்தி பேசுவோர் துப்பாக்கியின் விசையைக் 'கோடா' என்கின்றனர். கோடா என்றால் குதிரை. தமிழரும் துப்பாக்கியில் தட்டும் உறுப்பைக் குதிரை என்றே வழங்கி வந்துள்ளனர். இரு மொழியாரும் ஒரே விலங்கைக் கண்டது வியப்பே.

இடர் தரும் சொல் 'மேகசின்' என்பது. கிடங்கு என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது அது. 1731இல் இலண்டனில் ஒருவர் தம் பத்திரிகைக்கு அப்பெயரைச் சூட்டப்போய், பலவகைச் செய்திகளின் கிடங்கு என்ற கருத்தில் அஃது இதழுக்கும் பெயராயிற்று. 'பிஸ்டலிலிருந்து இதழை அகற்றுக' என்று எழுதிய மொழிபெயர்ப்பு ஒன்று நம் மேசைக்கு ஒருமுறை வந்தது. சிரித்துவிட்டுத் தோட்டாக்கூடு என்று திருத்தினோம். இப்பேச்சிலும் அச்சொல்லையே ஆள்வோம்.

'ஆட்டோமாட்டிக் பிஸ்டல்' என்று மக்கள் கூறுவதும் சரியன்று. விசையை அழுத்தியிருக்கும் மட்டும், அல்லது கூடு காலியாகும் மட்டும், குண்டுகள் தொடர்ந்து பாயும் கருவியே முழுத் தானியங்கி. அத்தகையதைத் தடைசெய்யப்பட்ட படைக்கலமென 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் வகுத்துள்ளது. நம் பெரியவர்களின் பீரோவில் இருப்பது அதுவன்று. ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு. பின் விரலை விட்டு மறுபடி அழுத்தினால் அடுத்தது. பழைய தோட்டாவின் கூட்டை வெளியே எறிந்து புதியதை உள்ளே தள்ளும் வேலையை மட்டும் அது தானே செய்துகொள்ளும். ஆகவே அரைத் தானியங்கி என்பதே பொருந்தும்.

இவ்வகைச் சிறு துப்பாக்கிக்கும் அதன் தோட்டாவிற்கும் ஒருவரையே தந்தை எனலாம். அவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1855இல் பிறந்த ஜான் மோசஸ் பிரௌனிங். பெல்ஜியம் நாட்டில் லியேஜ் நகரை அடுத்த ஹெர்ஸ்டால் என்னும் ஊரில் 1889இல் தொடங்கப்பெற்ற எப்.என். தொழிற்சாலை, அவருடைய வடிவமைப்பில் 1900ஆம் ஆண்டு மாதிரியை வெளியிட்டது. சட்டைப்பையில் அடங்கும் அத்துப்பாக்கி, ஏழு தோட்டா கொண்ட கூட்டைப் பிடிக்குள் செருகும் அமைப்பு உடையது. அதன் இடப்பக்கத்துப் பூட்டில் பிரெஞ்சு மொழியில் இரண்டு சொற்கள் பொறித்திருக்கும்: ஒன்றிற்கு 'நெருப்பு' என்றும் மற்றொன்றிற்குப் 'பத்திரம்' என்றும் பொருள். 1903இல் அமெரிக்காவின் கோல்ட் நிறுவனம் அவருடைய இன்னொரு வடிவமைப்பை அதே தோட்டாவிற்கு ஏற்ப விற்கத் தொடங்கிற்று. பிரௌனிங் 1926இல் அந்த ஹெர்ஸ்டால் தொழிற்சாலையிலேயே உயிர் நீத்தார்.

பிரௌனிங் துப்பாக்கி இந்திய வரலாற்றில் ஆழமாகத் தடம் பதித்தது. 1909 டிசம்பர் 21இல் நாசிக் நகரில் கலெக்டர் ஜாக்சன் சுடப்பட்டது இலண்டனிலிருந்து மறைவாக வந்த பிரௌனிங் துப்பாக்கியால். வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து 1911 ஏப்ரல் 1இல் சித்தூர் மாவட்டம் பிறந்தது. அதே சென்னை மாகாணத்தின் தென்கோடியில், பதினொரு வாரங்கள் கழித்து, ஜூன் 17 அன்று மணியாச்சிச் சந்திப்பில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டதும் பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் துப்பாக்கியால்தான். பின்னர் அதனாலேயே அவர் தம் உயிரையும் முடித்துக்கொண்டார். அச்செயலின் நன்மை தீமையை ஆராய்வது இன்றைய நம் நோக்கமன்று.

வட மாநிலங்களில் வாழும் நேயர்கள் இவ்வகைத் துப்பாக்கியை நேரிற் காணலாம். 1931 பிப்ரவரி 27இல் அலகாபாத்துப் பூங்காவில் சந்திரசேகர ஆசாத் கடைசிவரை கையில் வைத்திருந்த கோல்ட் துப்பாக்கி அந்நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. பகத் சிங்கின் கோல்ட் துப்பாக்கியோ நெடுங்காலம் இந்தூரில் எல்லைக் காவல் படையின் பயிற்சிப் பள்ளியில் இன்னதென்று அறியப்படாமலே இருந்தது. அதன் மேற்பூச்சை அகற்றி, உடலில் பொறித்திருந்த எண்ணைப் பழைய வழக்கு ஏடுகளோடு ஒப்பிட்ட பின்னரே அதன் வரலாறு வெளிப்பட்டது. துப்பாக்கியின் எண்ணும் உரிமத்திலுள்ள எண்ணும் ஒத்திருக்கின்றனவா என்று அலுவலர்கள் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்ப்பதைக் கண்டு நாம் சலித்துக்கொள்கிறோம். அந்த எண்ணன்றித் துப்பாக்கிக்கு வேறு முகவரி இல்லை.

இனி அதன் தொழில் முறையைச் சொல்வோம். இங்கே சற்று நின்று கேட்குமாறு வேண்டுகிறோம். பின்னர் வரும் நிகழ்ச்சி விளங்க இது தேவை.

தோட்டா என்பது நான்கு பொருள்கள் சேர்ந்தது. பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் தீப்பொறி தரும் சிறு கிண்ணி, உள்ளே எரிமருந்து, வாயில் இறுகப் பொருத்திய குண்டு. தீபாவளிக்குக் குழந்தைகள் வெடிக்கும் பொட்டு கேப்பை நினைத்துக்கொண்டால் அந்தக் கிண்ணியின் வேலை புரிந்துவிடும். நம் நாட்டில் பொதுமக்களின் பிஸ்டலுக்கு வழங்கும் தோட்டாவை .32 என்பர், ஐரோப்பியர் 7.65 மில்லிமீட்டர் என்பர். கூட்டின் நீளம் 17 மில்லிமீட்டர். குண்டோடு சேர்த்து 25 மில்லிமீட்டர், அஃதாவது ஓர் அங்குலம். குண்டின் எடை சுமார் நாலரைக் கிராம். அது குழலை விட்டு நீங்கும் விரைவு நொடிக்கு ஏறத்தாழ 280 மீட்டர். படைத்துறைத் தோட்டாக்களோடு ஒப்பிட்டால் இது வலிமை குன்றியதே. ஆனால் 'சின்னத் துப்பாக்கிதானே' என்று கருதுவோர், அக்குண்டு தடையின்றிச் சென்றால் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் விழக்கூடியது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எரிமருந்து எரிந்ததும் எழும் ஆவி குண்டை முன்னே தள்ளுகிறது. அதே விசையோடு பித்தளைக் கூட்டைப் பின்னேயும் தள்ளுகிறது. கூட்டின் பின்னால் அதனைத் தாங்கி நிற்பது, துப்பாக்கியின் மேற்பாகத்தில் முன்னும் பின்னும் சறுக்கும் கனத்த எஃகுப் பகுதி. அதனைச் சறுக்குமூடி என்போம். காவலர்கள் ஸ்லைடு என்பர். குண்டு இலேசானது, சறுக்குமூடி கனமானது, அதனை ஒரு சுருள்வில்லும் முன்னே அழுத்திக்கொண்டிருக்கிறது. ஆதலால் மூடி மிகச் சிறிதே நகர்வதற்குள் குண்டு குழலை விட்டுப் போய்விடும். பின்னர் மூடி பின்வாங்கும். அதிலுள்ள சிறு கொக்கி காலிக்கூட்டைப் பற்றி இழுத்து வெளியே எறியும். வில் மூடியை மறுபடி முன்னே தள்ளும்போது, தோட்டாக்கூட்டின் மேலிருக்கும் அடுத்த தோட்டாவை அது குழலின் பின்புற அறைக்குள் தள்ளிவிடும். தோட்டா வலிமை குன்றியதாக இருப்பதனால்தான் இவ்வளவு எளிய அமைப்புப் போதுமாகிறது. மேற்கு வங்கத்து இஷாப்பூர் தொழிற்சாலை நம் படையினருக்காகச் செய்த 9 மில்லிமீட்டர் பிஸ்டலில், குண்டு வெளியேறும்வரை குழலையும் மூடியையும் ஒன்றாகப் பூட்டிவைக்க வேண்டியிருந்தது.

அந்த 9 மில்லிமீட்டர் பொதுமக்களுக்குக் கிடைப்பதன்று. படையும் காவலும் பயன்படுத்தும் துளையளவுகள் தடைசெய்யப்பட்டவை. அதனால்தான் மண்டித் தரகரின் கையில் .32 இருந்தது. இங்கே ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடவேண்டும். .32 ரிவால்வர் ஒன்றும் நம் நாட்டில் விற்கிறது. எண் ஒன்றாயிருப்பினும் தோட்டா ஒன்றன்று. ரிவால்வர்த் தோட்டா நீண்டது; சுழலும் உருளையில் தங்குவதற்காக அதன் அடிவிளிம்பு நன்றாகப் புடைத்திருக்கும். பிஸ்டல் தோட்டாவின் விளிம்போ கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவே வெளியே நீண்டிருக்கும். ஒன்றை மற்றொன்றில் இடுதல் ஆகாது.

தோட்டாவைப் பற்றிப் பேசும்போது அருவங்காட்டை நினையாமல் இருக்க முடியவில்லை. குன்னூரை அடுத்த அவ்வூரில் 1904ஆம் ஆண்டு முதல் வெடிமருந்துத் தொழிற்சாலை இயங்கிவருகிறது. கயிறு போல் இழுத்துச் செய்வதால் கார்டைட்டு எனப் பெயர்பெற்ற எரிமருந்துக்கு நீலகிரியின் குளிர்ச்சி உகந்ததாயிற்று. திருச்சிராப்பள்ளியில் 1966இல் அடிக்கல் நாட்டிய தொழிற்சாலையோ துப்பாக்கிகளையே செய்கிறது. தமிழ் நிலத்தில் மருந்தும் உண்டு, கருவியும் உண்டு. அவற்றிற்குத் தமிழ்ச் சொற்கள்தாம் இன்னும் நிலைபெறவில்லை.

இத்துப்பாக்கியின் மற்றொரு சிறப்பு, அதனை எளிதில் பிரித்துத் துடைக்கலாம் என்பது. 1900 மாதிரியைப் பிரிக்கத் திருப்புளி வேண்டியிருந்தது. கோல்ட் மாதிரியிலோ எந்தக் கருவியும் வேண்டா. மூடியைக் குறித்த அளவு பின்னுக்கு இழுத்துக் குழலைச் சற்றே திருப்பினால், குழலின் அடியிலுள்ள பற்கள் உடலை விட்டு விலகும். மூடியும் குழலும் ஒருசேர முன்னே வழுக்கிக் கையில் வந்துவிடும். எவ்வளவு நேர்த்தியான சிந்தனை! ஆனால் பிரிப்பதற்கு எளிது என்பதே ஆபத்திற்கும் வழியாகிறது. எளிதானதை எவரும் செய்து பார்க்க விரும்புவர். பிரிக்கும் முன் செய்யவேண்டிய ஒன்றை மறந்தால், பிரிக்க எண்ணியவரின் கை மட்டுமன்று, எதிரே அமர்ந்திருப்பவரின் உயிரும் போகும்.

அந்த ஒன்று யாது என்பதைச் சித்தூரில் கண்கூடாகக் கண்டோம். நம் பெரியப்பா உறவினர் ஒருவர், எண்பதைக் கடந்தவர், வெல்ல மண்டியில் ஆண்டு பலவாகத் தரகு நடத்தியவர், காலமானார். காரியங்கள் முடிந்து நான்காம் நாள் கொங்காரெட்டிப்பள்ளியிலுள்ள அவர் வீட்டில் பீரோவைத் திறந்தனர். மூத்த மகன் நாகபுரியில் இருப்பவர், இளையவர் வடோதராவில், மகள் திருப்பதியில் வாழ்க்கைப்பட்டவர். துணிச்சுருளில் பிஸ்டல் இருந்தது. தனியே ஒரு சுருக்குப்பையில் தோட்டாக்கூடும் ஆறு தோட்டாக்களும் இருந்தன. இளையவருடைய மகன் ஒன்பது வயதுப் பையன். 'தாத்தா துப்பாக்கியை நான் பிடித்துப் பார்க்கட்டுமா?' என்று கேட்டான். 'கூடு வெளியேதானே இருக்கிறது, காலித் துப்பாக்கிதான், பார்க்கட்டுமே' என்றார் தந்தையார். பெரியம்மாதான் மறுத்தார். 'உங்கப்பா இருந்தவரைக்கும் யாரையும் தொடவிட்டதில்லை; இன்றைக்கும் வேண்டாம்' என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுச் சுருளை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

காவல் நிலையத்திற்குத் தெரிவிப்பதே முறை என்று நாம் கூறினோம். மறுநாள் காலை தலைமைக் காவலர் ஒருவர் வந்தார். தெலுங்கர், தமிழும் நன்றாகப் பேசுவார். பையனை வாசலுக்கு அனுப்பச் சொன்னார். ஆளில்லாத பக்கத்துக் கற்சுவரை நோக்கித் துப்பாக்கியின் வாயைத் திருப்பிப் பிடித்து, விரல் விசையருகே செல்லாதவாறு, மூடியை இழுத்தார். உள்ளேயிருந்து ஒரு தோட்டா துள்ளித் தரையில் விழுந்து, பெரியம்மாவின் காலடிவரை உருண்டது. கூடத்தில் சிறிது நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. 'கூடுதான்ம்மா காலி; குழல் காலியில்லை' என்றார் அவர். வடோதராத் தம்பி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

கூட்டை வெளியே எடுப்பதனால் அறைக்குள் முன்னரே சென்றுவிட்ட தோட்டா வெளியேறிவிடாது என்பதே செய்தி. மண்டியிலிருந்து பணத்தோடு வரும் இரவுகளில் பெரியவர் ஒரு தோட்டாவை அறையில் ஏற்றி வைத்திருந்திருப்பார். முதுமையில் கூட்டை மட்டும் கழற்றி வைத்துவிட்டிருப்பார் என்று ஊகிக்கிறோம். கூடு இல்லாவிடில் விசை இயங்காதவாறு தடை அமைந்த துப்பாக்கிகளும் உள்ளன. எப்.என். நிறுவனத்தின் 1910 மாதிரி அத்தகையது. 1900 மாதிரி அத்தகையதன்று. கோல்ட் மாதிரியிலேயே பிற்காலத்தனவற்றில் அத்தடை உண்டு, முற்காலத்தனவற்றில் இல்லை. வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும்போது எதை நம்புவது?

பெயரும் ஏமாற்றும். கோல்ட் நிறுவனம் தன் துப்பாக்கியைக் குதிரையில்லாதது என்று பொருள்படும் பெயரால் விற்றது. உண்மையில் குதிரை உண்டு. சட்டைப்பையில் மாட்டிக்கொள்ளாதிருக்க அதனை மூடியின் உள்ளே மறைத்திருந்தனர், அவ்வளவே. ஆகவே அது நாணேற்றி நிற்கிறதா இல்லையா என்பதை வெளியிலிருந்து கண்ணால் காண இயலாது. பழைய தோட்டா செத்துப்போயிருக்கும் என்று கூறுவாரும் உளர். ஈரமின்றி வைத்த தோட்டா பல பதிற்றாண்டுகளுக்குப் பின்னரும் வெடிக்கும். எண்ணெய் பட்டதோ பாசி பிடித்ததோ ஆயின் வெடிக்காமலும் இருக்கலாம், சற்றுத் தாமதித்தும் வெடிக்கலாம். தாமதித்து வெடிப்பது இன்னும் கொடிது.

ஆகவே துப்பாக்கியோடு பழக்கமில்லாத வீட்டார் செய்யத்தக்கது தொடாதிருத்தலே. 'நான் தேசிய மாணவர் படையில் இருந்தேன்' என்று முன்வரும் மைத்துனரையும் தொடவிடவேண்டா. அறையைப் பூட்டிவிட்டுக் காவல் நிலையத்திற்குச் சொல்லியனுப்புங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? உரிமம் ஒருவருக்கு அளிக்கப்படுவது, வீட்டிற்கு அன்று. உரியவர் மறைந்தபின் அத்துப்பாக்கியை வைத்திருக்கும் உரிமை மனைவிக்கோ மகனுக்கோ தானாக வந்துவிடுவதில்லை. எக்காரணத்தாலேனும் வைத்திருக்கும் உரிமை நீங்கிய படைக்கலத்தையும் தோட்டாக்களையும், வீண் தாமதமின்றி அண்மையிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்தல் வேண்டும் என்று படைக்கலச் சட்டத்தின் 21ஆம் பிரிவு விதிக்கிறது. ஒப்படைத்தவுடன் பொருள் போய்விட்டது என்று அஞ்சவேண்டியதில்லை. வாரிசுகள் உரிமம் பெற்றால் அதனைத் திரும்பப் பெறலாம். உரிமமுள்ள வேறொருவருக்கு முறைப்படி விற்கவும் செய்யலாம். குறித்த காலத்திற்குள் இரண்டில் ஒன்றைச் செய்யாவிடில் அரசு எடுத்துக்கொள்ளும். வாரிசு உரிமத்திற்கு 2016ஆம் ஆண்டு விதிகள் தனியே வழிசெய்துள்ளன. தந்தையார் உயிரோடிருக்கும்போதே, அவருக்கு எழுபது வயது நிறைந்தாலோ, துப்பாக்கியை அவர் இருபத்தைந்து ஆண்டு வைத்திருந்தாலோ, வாரிசு ஒருவர் விண்ணப்பிக்கலாம். இவ்வசதி இருப்பதை அறிந்தோர் குறைவு. பெரியவர் நல்ல நினைவோடிருக்கும்போதே இதனைப் பேசி முடித்துக்கொள்ளும் வீட்டாரைக் கெட்டிக்காரர் என்போம்.

2019இல் சட்டம் திருத்தப்பட்டது. ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன. உரிமத்தின் காலம் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீண்டது. உரிமமின்றி வைத்திருப்பதற்கான தண்டனை இரண்டாண்டுக்குக் குறையாமலும் ஐந்தாண்டுவரையும் என உயர்ந்தது. 'அப்பாவுடைய ஞாபகார்த்தம்' என்னும் விடை நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் என்று நம்பி இருத்தல் தகாது.

சித்தூர், திருப்பதிக்காரர்களுக்கு இன்னும் ஒரு சிக்கல் உண்டு. 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டம். பழைய உரிமத்தைச் சித்தூர்க் கலெக்டர் அளித்திருப்பார். வீடோ இன்று திருப்பதிக் கலெக்டரின் ஆட்சிக்கு உட்பட்டது. வெளி மாநிலத்திலிருந்து விடுப்பில் வரும் பிள்ளை, முதலில் எந்த அலுவலகத்தில் கோப்பு இருக்கிறது என்பதையும், உரிமம் தேசியத் தரவுத்தளத்தில் ஏறித் தனி எண் பெற்றிருக்கிறதா என்பதையும் விசாரித்தறிதல் நலம். இல்லாவிடில் பத்து நாள் விடுப்பும் இரு ஊருக்கும் இடையே பேருந்திலேயே கழிந்துவிடும்.

நாகபுரி அண்ணன், 'பெட்டியில் வைத்துக்கொண்டு இரயிலில் என்னோடு எடுத்துப்போய் அங்கே பெயர் மாற்றிக்கொள்கிறேனே' என்றார். அது குற்றம். உரிமமே இல்லாத பொருளை எடுத்துச் செல்வதற்கு இரயிலென்ன, காரென்ன? உரிமம் உள்ளவரும் அது தம் மாநிலத்திற்கு மட்டும் செல்லுமா, நாடு முழுவதும் செல்லுமா என்று பார்த்தே புறப்படவேண்டும். வேங்கடவனைத் தரிசிக்க வருவோர் இதனைக் குறிப்பாக நினைவில் கொள்க. திருமலைக்கு ஏறும் வண்டிகளும் பைகளும் அலிபிரியில் சோதிக்கப்படுகின்றன. மலைமேல் படைக்கலத்திற்கு இடமில்லை.

துப்பாக்கியை விட்டுவிட்டு வருவோரும் ஒற்றைத் தோட்டாவை மறந்து பையில் கொண்டுவருவதுண்டு. தந்தையாரின் பழைய தோல்பையை எடுத்துக்கொண்டு ரேணிகுண்டா விமான நிலையத்திற்குச் செல்லும் மகனுக்கு, அதன் ஓரத்தையலில் ஓர் அங்குலப் பித்தளைத் துண்டு ஒளிந்திருப்பது தெரியாது. ஊடுகதிர்ப் பொறிக்குத் தெரியும். தோட்டாவும் சட்டப்படி உரிமம் வேண்டும் பொருளே. வைத்திருத்தல் என்பதில் அறிந்து வைத்திருத்தல் என்னும் கூறு அடங்கியிருக்கவேண்டும் என்று 1972இல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. அது காப்பாற்றக்கூடும், ஆனால் அதனை மெய்ப்பிக்கும் வரையில் விமானம் காத்திராது. பழைய பைகளைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டுப் பயணப்படுவது எளிது.

காவல் துறையினர் இவ்வளவு கடுமை காட்டவேண்டுமா என்று கேட்பாருண்டு. சித்தூரில் அக்கேள்வி எழாது. 2015 நவம்பர் 17 அன்று அந்நகர மேயர் கட்டாரி அனுராதா பட்டப்பகலில் தம் மாநகராட்சி அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அத்தகைய நாளைக் கண்ட ஊரில், கணக்கில் வராத கைத்துப்பாக்கி ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று அதிகாரிகள் தேடுவதில் வியப்பில்லை. கிழவர் ஒருவரின் பீரோவில் இருப்பது திருடு போனால் அது யார் கைக்குப் போகும் என்பதை வீட்டாரும் எண்ணவேண்டும். மகன்கள் ஊரில் இல்லாத வீடு என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கும் செய்தியல்லவா?

கொங்காரெட்டிப்பள்ளி வீட்டுத் துப்பாக்கி அன்றே நிலையத்திற்குச் சென்றது. தோட்டாக்கள் ஆறும் ஒன்றும் ஏழு எனவும், துப்பாக்கியின் எண் இன்னது எனவும் எழுதி இரசீது கொடுத்தனர். உடன்பிறந்தோர் மூவரும் கூடிப் பேசினர். நாகபுரி அண்ணன் வாங்கிக்கொள்ள விரும்பினார்; இளையவர் அதன் பெயரையே எடுக்க வேண்டாமென்றார்; திருப்பதித் தங்கை, 'அப்பாவுக்கு அது வேலைக்கான பொருள்; நமக்கு எந்த மண்டி இருக்கிறது?' என்று கேட்டார். முடிவில் மூவரும் கையெழுத்திட்டு, உரிமமுள்ள வணிகர் வழியே விற்பதற்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டு அவரவர் ஊருக்கு வண்டியேறினர். இரசீதின் படிகள் மூன்று எடுத்து மூவருக்கும் கொடுத்துவிட்டு, மூலத்தைப் பெரியம்மா நிலப்பத்திரங்களோடு வைத்திருக்கிறார்.